கீரையைத் திரும்பக் கேட்டு வந்தவர்

நாலு வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒண்ணில், ராஜபாளையத்தில் நாங்க குடியிருந்த தெருவில் நடந்தது இது. பிள்ளைகளா, இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். படிச்சா பயம் வரும். வந்தாலும் பரவாயில்லை, தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம்.

எங்க தெருவுக்கு ஒரு கீரைக்காரம்மா வருவாங்க. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். மத்தவங்க வயக்காட்டில் களை எடுக்கிறதுதான் அவங்களுக்கு வேலை. இப்ப பாதிப் பேர் களைக்கு மருந்து அடிச்சிடுறதால அந்த வேலை குறைஞ்சுபோச்சு. வேலை இல்லாத நாளில் விடிஞ்சதும் விடியாததுமா யாராவது ஒருத்தரோட மக்காச்சோளக் காட்டில் இறங்கி, பயிருக்கு ஊடே தானா முளைச்சுக் கிடக்கிற தொய்யக்கீரை, பண்ணைக்கீரையைக் கிள்ளிக் கட்டுக் கட்டி, முதல் பஸ்ஸில் கொண்டாந்திடுவாங்க. அதுக்கு யாரிடமும் கேட்கிற வழக்கம் கிடையாது. களை போனா சரிதான்னு காட்டுக்காரங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அன்னைக்கு என் மனைவி அவங்ககிட்ட தொய்யக்கீரை வாங்கி, பருப்புப் போட்டுக் கடைஞ்சா. எங்க மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. பசி பொறுக்க மாட்டா. அவளுக்கு முதல்ல சோத்தில் நெய் விட்டுப் பிசைஞ்சு ஊட்டியாச்சு. எனக்கு மில் லீவு. குளிச்சிட்டு வந்து தட்டு முன்னாடி உட்காரப் போறேன், தெருவில் ஒரு சத்தம்.

"இன்னைக்குக் கீரை வாங்குனவுக யாரும் சமைக்காதீக! சமைச்சிருந்தா சாப்பிடாதீக!"

வெளியே வந்தேன். முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் பைக்கில் வர்றார். பின்னாடி கீரைக்காரம்மா, மடியில் கூடையோட. அழுது அழுது முகமெல்லாம் வீங்கிப்போயிருக்கு. இறங்கி நேரா எங்க வாசலுக்கு வந்தாங்க.

"தாயீ, அந்தக் கீரையக் குடுத்திரு தாயீ. அதுல மருந்து இருக்காம்."

என் மனைவி கரண்டியோட அப்படியே நின்னா. "பாப்பா சாப்பிட்டுட்டாளே..." என்று அலறிட்டா.

பைக்கில் வந்தவர்தான் அந்தக் காட்டுக்காரர். "நேத்துச் சாயங்காலம் களைக்கொல்லி அடிச்சேன்ணே. காலையில போய்ப் பாத்தா நுனியெல்லாம் கிள்ளிக் கிடக்கு. விசாரிச்சா, இந்த அக்கா பஸ் ஏறிட்டாவன்னு..."

அவர் முடிக்கலை. பக்கத்து வீட்டில் இருந்த என் மச்சான், தங்கச்சி அலறின சத்தம் கேட்டு ஓடிவந்தவர், ஓங்கி ஓர் அறை விட்டார். காதோடு சேர்த்து விழுந்தது.

"ஏலே, மனுசன் திங்கிறதுல விசத்த அடிச்சுப்புட்டு, அதச் சொல்லிக்கிட்டு வேற வாரியா?"

காட்டுக்காரர் பைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். திருப்பிக் கை ஓங்கலை. "அடிக்கிறதுன்னா பொறவு அடிங்கண்ணே. முதல்ல பிள்ளையத் தூக்குங்க" என்றார்.

ஆட்டோவில் போகும்போதே மகள் வாந்தி எடுத்தா. அவள் அம்மா சேலை முழுக்கப் பச்சை. "கழுவுறப்பவே ஒரு மாதிரி வாடை அடிச்சுது, பஸ்ஸுல வந்த வாடைன்னு நினைச்சேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே வந்தா. நான் பிள்ளையின் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கை சில்லுன்னு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?"

"களை மருந்தும்மா."

"அதுல எத்தனையோ தினுசு இருக்கு. ஒண்ணுக்குச் செய்யுறதை இன்னொண்ணுக்குச் செய்ய முடியாது. பேரு என்ன?"

எனக்கும் மச்சானுக்கும் எப்படித் தெரியும்? அப்ப பின்னாடி இருந்து ஒரு கை நீண்டது. மஞ்சப்பை ஒண்ணைப் பிரிச்சு, அதுக்குள்ள இருந்து மருந்துப் பாட்டிலை எடுத்து டாக்டரம்மா கையில் கொடுத்தார் காட்டுக்காரர். எங்க ஆட்டோ பின்னாலயே வந்திருக்கார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அதை எடுத்து வச்சிருந்திருக்கார்.

டாக்டரம்மா பாட்டிலில் இருந்ததை முழுசா படிச்சாங்க. "இலையில பட்டது, நேரா குடிச்ச மாதிரி இல்லை. ஆனா சின்னப் பிள்ளை. இங்கயே வச்சுப் பார்ப்போம்" என்று சொல்லி குளுக்கோஸ் ஏத்தச் சொன்னாங்க.

அன்னைக்கு மத்தியானம் பூரா வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ள பிள்ளை வயித்து வலியில் முனகுறது வெளியே கேட்கும். மச்சான் தூரமாய் வாசலில் நின்னார். நான்தான் காட்டுக்காரர்கிட்டக் கேட்டேன், "கீரை பச்சைப் பசேல்னு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று.

அவர் சொன்னதை உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். மக்காச்சோளம், நெல்லு, கம்பு எல்லாம் புல்லு இனம். இந்த மருந்து புல்லு இனத்தை விட்டுட்டு, அகலமான இலை உள்ள செடியை மட்டும் கொல்லுமாம். அதுவும் அடிச்ச உடனே கருக்காது. மறுநாள் காலையில பார்த்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி செடி நிக்கும். அதுக்குப் பொறவுதான் தண்டு முறுக்கிக்கிட்டு, வாடிச் சாகும்.

"நான் களைன்னு அடிச்சேன்ணே, அவிய கீரைன்னு பறிச்சிருக்காவ" என்று சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஒரு கையால் காதைப் பொத்தியே வச்சிருந்தார். வலிக்குதான்னு அப்ப எனக்குக் கேட்கத் தோணலை.

கீரைக்காரம்மா சாயங்காலம் வந்தாங்க. மிச்ச வீடுகளுக்கெல்லாம் தனியா நடந்தே போயிருக்காங்க. ஒரு வீட்டில் கீரைக்கட்டை மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருக்காங்க. தலைமுடியில் இலை ஒட்டியிருந்தது, அவங்க தட்டிவிடவும் இல்லை. வேற யாரும் சாப்பிடலை, எல்லாக் கட்டும் வந்திருச்சுன்னு சொன்னாங்க. குப்பைத் தொட்டியில் போட்டா மாடு தின்னுருமேன்னு கூடையிலேயே சுமந்துக்கிட்டு வந்திருந்தாங்க. காட்டுக்காரர் அதை வாங்கி, குழி தோண்டிப் புதைக்க எடுத்துக்கிட்டுப் போனார்.

மறுநாள் மகள் கண்ணைத் திறந்து முறுக்கு கேட்டா. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு அனுப்பிட்டாங்க. எங்களுக்கு அவ்வளவோடு போச்சு.

கீரைக்காரம்மாவுக்குப் போகலை. அடுத்த மாசம் தன் வீட்டுக் கொல்லையில் போட்ட அரைக்கீரையைக் கொண்டுவந்தாங்க. தெருவில் ஒரு கதவும் திறக்கலை. எங்க வீட்டுக் கதவும் திறக்கலை. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒரு வருசம் கழிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காட்டுக்காரரைப் பார்த்தேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். திரும்பலை. தோளைத் தொட்டதும்தான் திரும்பினார்.

"அந்தப் பக்கம் கேக்காதுண்ணே, இந்தப் பக்கமா வாங்க. அன்னைக்கு அறைஞ்சதுல காது ஜவ்வு கிழிஞ்சுபோச்சாம். ஒரு வகையில நல்லதுதான், வீட்டுல ஏச்சு விழுந்தா அந்தக் காதக் காட்டிடுவேன்" என்று சிரிச்சார். என்னால சிரிக்க முடியலை. இப்ப மருந்து அடிச்சா வரப்பைச் சுத்திச் சிவப்புத் துணி கட்டி, கீரை பறிக்கிறவங்க வீட்டுக்கும் போய்ச் சொல்லிடுறாராம்.

பஸ் வர்ற நேரத்தில் அவரே சொன்னார். "அன்னைக்கு அந்த அக்காவத் தேடி வார வழியில ரெண்டு தடவ வண்டியத் திருப்புனேன்ணே. யாருக்கும் தெரியவா போகுது, பேசாம வீட்டுக்குப் போயிருவோம்னு. மனசு கேக்கல, வந்துட்டேன். இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா வருவேனா? தெரியலண்ணே."

இந்த வார்த்தையைத்தான் என்னால் மறக்க முடியலை. அவர் வராம இருந்திருந்தா அன்னைக்கு நாங்களும் சாப்பிட்டிருப்போம். பிள்ளைக்கு என்னன்னே தெரியாம முழிச்சிருப்போம். வந்து சொன்ன மனுசனுக்கு நாங்க கொடுத்தது அந்த அறை.

இப்ப என் மகள் எதையாவது உடைச்சிட்டு, கொட்டிட்டு, "அப்பா, ஒண்ணு சொல்லணும்"னு வந்து நிப்பா. எனக்குக் கோபம் வராம இல்லை. ஆனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுத்தான் கேட்கிறேன். சொல்ல வந்தவங்களை இனி ஒருதடவை அடிச்சா, நாளைக்கு நம்ம வாசலுக்கு ஓடிவந்து சொல்ல ஆள் இருக்க மாட்டாங்க.