ரைஸ்மில் வேலுச்சாமியும் பெண்கள் பூத்தும்

ரைஸ்மில் வேலுச்சாமி போய்விட்டாராம். காலையிலிருந்து முகநூல் முழுவதும் அவர் போட்டோ... "மக்கள் தலைவர்", "கொள்கைச் சிங்கம்".

கொள்கையா? எண்பதுகளில் தொடங்கி நான் பார்க்கவே மூன்று கட்சிகளின் கரை வேட்டி கட்டியவர்.

என் கணவர் சாகும்வரை ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டார். அவருக்கு யாரும் பேனர் வைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் வேலுச்சாமியின் ஊர். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். எலெக்‌ஷன் வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் பூத்துக்கு எப்படியோ எனக்கே டியூட்டி விழும்.

அவர் எந்தக் கட்சியோ, ஊரும் அந்தக் கட்சி. அவர் வேட்டி மாற்றினால் ஊர் ஓட்டும் மாறும். ராஜபாளையத்திலிருந்து வேட்பாளர்கள் கார் போட்டு வந்து மில் வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் மதியம், பூத் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அம்மன் கோயிலில் சூடம் எரியும். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அதைக் கையால் அடித்து அணைத்து, அவர் சொன்ன சின்னத்துக்கே என்று சத்தியம் செய்வார்கள். படித்தவர்களும் அந்த வரிசையில்... வெட்கமில்லாமல்.

"பாத்தியளா டீச்சர், அம்புட்டு ஓட்டும் நம்ம கையில" என்றார் வேலுச்சாமி ஒருமுறை.

பெண்கள் சத்தியம் செய்ய வேண்டாமா என்று கேட்டேன்.

"பொம்பளையளுக்கு எதுக்கு டீச்சர் சத்தியம்? புருசன் சொன்னதுல குத்திட்டுப் போறாளுவ."

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல். அவருக்கு மூன்றாவது வேட்டி. காலை வரிசையில் இரண்டு பெண்கள் பேசியது என் மேஜை வரை கேட்டது.

"ஏட்டி, ஒங்க வீட்டுல அவிய சத்தியம் பண்ணிட்டாவளா?"

"பண்ணிட்டாவ. அது அவிய கை. குழாய் வருது, குழாய் வருதுன்னு இம்புட்டு வருசமா கொடம் தூக்குதது என் கைல்லா?"

வரிசையே சிரித்தது. கான்வென்டில் வளர்ந்தவள் நான், வரிசையில் சத்தம் ஆகாது. அதட்டினேன்.

சிரிப்பு கேட்டு வேலுச்சாமி உள்ளே நுழையப் பார்த்தார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"நான் யாருன்னு தெரியும்லா?"

"தெரியும். இந்த பூத் லிஸ்ட்டில் உங்கள் பெயர் இல்லை. வெளியே நில்லுங்கள்."

அப்போது பூத் வாரியாக எண்ணினார்கள். ஆண்கள் பெட்டி வழக்கம்போல அவர் சொன்னபடி. பெண்கள் பெட்டி நேர் எதிர்.

அடுத்த தேர்தலில் கார்கள் மில் வாசலைத் தாண்டிப் போய், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்றன.

ஆனால் நான் மறக்காதது ரிசல்ட் வந்த வாரம். என்னைத் தேடி ஸ்கூலுக்கே வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டீச்சர்... ஊர்ல எவளும் எதுலயும் குத்திட்டுப் போகட்டும். எங்க வீட்டுக்காரி எதுல குத்துனா? அதை மட்டும் சொல்லுங்க."

ஊர் ஓட்டையே பேரம் பேசிய மனிதர்... ஓட்டுச்சீட்டில் போட்டவர் பெயர் இருக்காது என்பதுகூடத் தெரியாமல்!

"எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்கள் மனைவியிடம் கேளுங்கள்."

"கேட்டுட்டேன் டீச்சர். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா... சிரிக்கா."

அந்த அம்மாள் போன வருஷம் தவறினார். அப்பா கடைசிவரை கேட்டுப் பார்த்தார், அம்மா சொல்லவே இல்லை என்று துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் மகள் சொன்னாள்.

போய் வாருங்கள், வேலுச்சாமி. அங்கே இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.