கதவுக்கு அடியில் கேட்ட தட்டல்

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. படகுக்குப் போகிற என் வீட்டுக்காரரும், மீன் விற்கிற நானும் தங்கச்சிமடத்தில் வீட்டோடு இருந்தோம். அப்போது ஒரு ஆள் வந்து, சினிமா ஷூட்டிங்குக்குப் பெண்கள் வேண்டும், சும்மா நின்றால் போதும், சாப்பாடும் கூலியும் உண்டு என்றான். பக்கத்து வீட்டுக்காரியோடு நானும் வேனில் ஏறினேன். என்ன படம் என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பாம்பன் பாலம் தாண்டி, மண்டபமும் தாண்டி, வேன் மெயின் ரோட்டை விட்டு உடைமர முள்காட்டுக்குள் இறங்கியது. இந்தப் பாதை எனக்குத் தெரியும். முடிவில் கடலோரமாக ஒரு நீளக் கட்டடம் இருக்கும் என்பதும் தெரியும்.

என் பதினைந்து வயதில் பதினோரு மாதம் அங்கேதான் இருந்தேன். கெட்டுப்போகிற பெண் பிள்ளைகளைத் திருத்துகிற இல்லம் என்று அதற்குப் பெயர். நான் என்ன கெட்டுப்போனேன்? கடற்கரையில் ஒரு பையனோடு நின்று பேசினேன். யாரோ பார்த்து, யாரோ சொல்லி, ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, சிஸ்டர்மாரிடம் விட்டால் ஒழுங்காகிவிடுவாள் என்று முடிவு பண்ணினார்கள். என் அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுக் கொண்டுபோய் விட்டாள். இன்றைக்கும் நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள்தான். எனக்குக் கோபம் சாமி மேல் இல்லை. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் மேல்.

அது பல வருஷமாக மூடிக் கிடந்ததாம். படமும் அப்படி ஒரு இல்லத்தில் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பற்றிய கதையாம். இறங்கியதும் திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. எப்படி ஓடுவது? என் வீட்டுக்காரருக்கே நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் என்ன சொல்வது? மற்றப் பெண்களோடு வரிசையில் போய் நின்றேன்.

நான் கொஞ்சம் உயரம். அதனால் எனக்கும் அவளுக்கும் சிஸ்டர் வேஷம். வெள்ளை அங்கியைக் கொடுத்தபோது நான் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அவளுக்கோ ஒரே சிரிப்பு.

"ஏடி, இந்த உடுப்புல ஒன்னையப் பாத்தா மீன் கேக்கவே பயமா இருக்கும் போலடி. மொறச்சே வெலைய ஏத்திருவ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்சி இதுதான். நாயகியாக நடிக்கிற பிள்ளைக்குப் பதினான்கு வயது இருக்கும். அவளை நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட வேண்டும். அவள் உள்ளே இருந்து தட்டித் தட்டிக் கத்துவாள். நாங்கள் அசையாமல் நிற்க வேண்டும். கேமரா எங்கள் முகத்தில் இருக்கும்.

எந்த அறை தெரியுமா? அதே அறை. எங்கள் காலத்தில் அதற்கு ஜெப அறை என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே ஜெபமும் கிடையாது, சிலுவையும் கிடையாது. இருட்டும் பல்லியும்தான். பிரம்படி வாங்கிய பிறகு, "போய் ஜெபம் பண்ணிட்டு வா" என்பார்கள். சில நாள் காலையில் போனால் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாழ் போடுகிற வேலையை சிஸ்டர்மார் செய்வதில்லை. எங்களைச் செய்ய வைப்பார்கள். நயினார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகள் இருந்தாள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். ஒருநாள் அவளை உள்ளே விட்டு நான்தான் தாழ் போட்டேன். "அய்யா, அய்யா" என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். எனக்கு அழுகை வந்தது. "நடிக்கிறா, நம்பாத" என்றார் பக்கத்தில் நின்ற சிஸ்டர். நான் திறக்கவில்லை. திறந்தபோது அவள் மயங்கிக் கிடந்தாள். அடுத்த வாரம் அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். போகும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தத் தாழ்ப்பாளையும் சினிமாக்காரர்கள் மாற்றவில்லை. துரு அழகாக இருக்கிறதாம். இருட்டுக்காக ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். முந்தின காட்சிக்குப் போட்ட புகை வேறு உள்ளே நின்றது. ஒத்திகையில் கதவைச் சும்மா சாத்தினோம். அந்தப் பிள்ளை நெஞ்சு உயரத்தில் கதவைத் தட்டி, "விடுங்க சிஸ்டர்" என்று கத்தினாள். மூன்று தடவையும் அதே உயரம், அதே வார்த்தை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, இப்ப நிஜமாவே தாழ் போடுங்க, அந்தச் சத்தம் வேணும். முகத்துல ஒண்ணுமே காட்டாதீங்க, கல்லு மாதிரி நில்லுங்க. கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றான் உதவி டைரக்டர்.

அந்தக் கதவு கடல் காற்றில் ஊறித் தொங்கிப்போன கதவு. குறுக்குச் சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினால்தான் தாழ் ஏறும், இறங்கும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் தோள் தானாகப் போய்த் தூக்கியது. தாழ் விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

பிள்ளை தட்டினாள். கத்தினாள். ஒத்திகை மாதிரியே இருந்தது. பிறகு இருமல் கேட்டது. பிறகு வார்த்தை நின்றுபோய், தட்டல் மட்டும் கேட்டது. அது இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. பிறகு முழங்கால். பிறகு தரையோடு தரையாக, கதவுக்கு அடியில்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் மூச்சு முட்டினால் காற்று வருகிற ஒரே இடம் கதவுக்கு அடியில் இருக்கிற சந்துதான். நாங்கள் எல்லாரும் அங்கேதான் மூக்கை வைத்துப் படுத்துக் கிடப்போம். நடிக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

புரிந்தும் நான் நின்றேன். இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. கல் மாதிரி நில் என்றார்கள், நின்றேன். கேமராவுக்குப் பின்னால் யாரோ மெதுவாக, "என்னமா நடிக்குது பாரு" என்றார்கள். மானிட்டர் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பெருமையில். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கீழே நகம் பிறாண்டுகிற சத்தம். அதுவும் குறைந்தது.

"அது நடிக்கலடா!" என்று நான் கத்திய கத்தல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கட்! கட்! யாருய்யா அந்தம்மா, ஷாட்டக் கெடுத்துருச்சு!" என்று டைரக்டர் எழுந்து வந்தார். இரண்டு பையன்கள் ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தார்கள். அது அசையவில்லை.

"ஏலே, தள்ளுங்கடா அங்கிட்டு!" அவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு, சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். கை வேர்வையில் வழுக்கியது. தாழ் சிக்கிக்கொண்டது. ஒரு நொடி, பழைய மாதிரியே ஆகப்போகிறது என்று நினைத்தேன். மறுபடி தூக்கினேன். தாழ் கழன்று விழுந்தது.

பிள்ளை வாசல்படியில் முகத்தை வைத்துக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி உட்காரவைத்தேன். கண்ணைத் திறந்தவள் என் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் பின்னுக்கு நகர்ந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் அது என் பார்வை.

தலையில் இருந்த முக்காட்டைப் பிய்த்து எறிந்தேன். "நான் சிஸ்டர் இல்ல தாயி. நான் மீன்காரி. இந்தா, கையை மோந்து பாரு, மீன் வாடை அடிக்கும்" என்றேன். அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அவள் அம்மா இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிற சீக்கு இருந்திருக்கிறது. வாய்ப்புப் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அவளையும் நான் நன்றாகத் திட்டினேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது யோசிக்கவில்லை.

டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு ஷூட்டிங் நின்றது. திரும்பி வருகையில் பக்கத்து வீட்டுக்காரி காதோரம் கேட்டாள்: "ஏடி, அந்தக் கதவு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பாலத்தில் ஏறியதும் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "ஏன் இத்தன வருஷமா சொல்லல?" என்றார். "பெத்தவகிட்ட சொன்னேன், அவளே நம்பல" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

படம் வந்துவிட்டது. அந்தக் காட்சியில், நான் கத்துவதற்கு முந்தின நொடி வரைக்கும் வைத்திருக்கிறார்களாம். பார்த்தவர்கள் அந்தப் பிள்ளையின் நடிப்பைப் புகழ்கிறார்கள். கல் மாதிரி நிற்கிற அந்த சிஸ்டரைப் பார்த்தால் அறையலாம் போல இருக்கிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அந்த உடுப்புக்குள் நின்று பார்த்ததால் அந்த இல்லத்து சிஸ்டர்மாரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் நின்றது கொஞ்ச நேரம். அவர்கள் வருஷக்கணக்காக நின்றார்கள்.

நயினார்கோவில்காரி எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த வீட்டிலாவது சாத்தின கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுது, பெரியவர்கள் "சும்மா நடிக்குது" என்று சொன்னால், நான் யாரையும் கேட்காமல் போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்; அது நடிப்பாகவே இருந்தால் நான் பைத்தியக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறேன்.