சாம்பிராணி டப்பாவுக்குள் போன வண்டு

போன வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. அந்த வாசனை வந்தால் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அன்றைக்குச் சாமி அலமாரிக்கு ஓடினேன்.

ஏன்? சொல்கிறேன்.

என் மகள் செல்வி வெளியூரில் பூச்சி ஆராய்ச்சி செய்கிறாள். இந்தத் தடவை லீவில் வந்தபோது வேலையையும் கையோடு கொண்டு வந்துவிட்டாள். வேலை என்றால்... ஒரு ஆம்பர் துண்டு. புளியங்கொட்டை அளவுதான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து கல் மாதிரி இறுகிப்போனதாம். உள்ளே எள்ளளவு ஒரு வண்டு. ஆறு காலையும் மடக்கி, மீசை இரண்டையும் நீட்டிக்கொண்டு, நேற்றுத்தான் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

இந்த வகை வண்டை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லையாம். செல்விதான் லென்ஸில் பார்த்து, காலில் எத்தனை கணு, மீசையில் எத்தனை கணு, முதுகில் எத்தனை வரி என்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்தால் அதற்கு ஒரு பேர் வைக்கலாம்.

“உலகத்துக்கே இது ஒண்ணுதாம்மா இருக்கு. வைக்கிற பேருக்கு இதுதான் சாட்சி. மியூசியத்துல இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். தொலைஞ்சா, நானும் தொலைஞ்சேன்” என்றாள்.

இதை என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?

வெள்ளிக்கிழமை வண்டின் படத்தைப் பிரின்ட் எடுக்க அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தார். மேஜை மேலே அந்தத் துண்டு, சின்ன பிளாஸ்டிக் கவரில், ஒரு சீட்டோடு இருந்தது. அவர் சாமானை மேஜையில் வைத்தால்? தட்டிவிட்டால்? எடுத்துக்கொண்டு போய் சாமி அலமாரியில், சாம்பிராணி டப்பாவுக்குள் வைத்தேன். பிசினோடு பிசினாக இருக்கட்டுமே! அங்கே யார் கை வைக்கப் போகிறார்கள்?

ஒரே ஒரு ஆள் வைப்பாள். பக்கத்து வீட்டு ராஜாத்தி.

மோட்டார் பக்கத்தில் நான் நின்றபோது, “அக்கா, பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தியிருக்கேன். கொஞ்சம் சாம்பிராணி எடுத்துக்கிறேங்க” என்று அவள் குரல் கேட்டது. “எடுத்துக்க” என்றேன். எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடையிலும் இப்போதெல்லாம் சாம்பிராணியைச் சின்னச் சின்ன கவரில்தானே தருகிறார்கள்...

அப்புறம்தான் அந்தப் புகை.

டப்பாவைத் திறந்தேன். கவர் இல்லை.

அடுத்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கவே கூச்சப்படுகிறவள் நான். அன்றைக்கு எங்கள் ஊர் தலத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். “ராஜாத்தீ! நிறுத்து!”

தூபக்காலைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். “என்னங்கக்கா, வீடு பத்திக்கிச்சா?”

“டப்பாவுலேருந்து எடுத்தியே, அது எங்கடி?”

“அதை ஏன் கேக்குறீங்க! கடைக்காரரு உங்களை நல்லா ஏமாத்திப்புட்டாரு. குழவியால ஒரு தட்டு தட்டுறேன், ஓரம்தான் பேந்துச்சு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, உள்ள பூச்சி செத்துக் கெடக்கு! பச்சப்புள்ளைக்கு அந்தப் பொகையப் போடலாமா? எங்க மாமியாகிட்ட கொஞ்சம் இருந்துச்சு, அதத்தான் போட்டேன்.”

“பூச்சி இருந்ததை என்ன பண்ணினே?”

“கொல்லையில விட்டெறிஞ்சேன்.”

கொல்லையில் வாழைமரம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் பள்ளம், மணல். இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.

“தங்கமாக்கா?”

“வண்டு.”

அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். “வண்டுக்கா இந்தப் பாடு? எங்க அரிசி டப்பாவத் தொறந்தா ஒரு கூட்டமே ஊருது. அள்ளித் தரவா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழைக்கு அடியில் ஏதோ மஞ்சளாக மின்னியது. அதுதான்! ஒரு ஓரம் மட்டும் இல்லை. விலைச்சீட்டு என்று நினைத்து அவள் குப்பையில் போட்டிருந்த சீட்டையும் பொறுக்கிக்கொண்டேன்.

கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாமா? பொய் சொல்ல மாட்டேன், அந்த யோசனையும் வந்தது. சாப்பாட்டு வேளை வரை அதோடுதான் மல்லுக்கட்டினேன். “ஏம்மா, சோறு எறங்கலையா?” என்று செல்வி கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு போய் லென்ஸை எடுத்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. திருப்பி வைத்து அடுத்த மீசையை எண்ணினாள்.

“வண்டு தப்பிச்சுதும்மா.”

“அப்ப... யாருக்கும் தெரியாதுல்ல?”

“எழுதணும்மா. துண்டு என்ன நெலமையில இருக்குன்னு எழுதுறதும் என் வேலைதான். ‘ஒரு ஓரம் புதிதாகப் பெயர்ந்துள்ளது’ன்னு போடணும்.”

அதோடு விடவில்லை. மியூசியத்துக்கு போன் செய்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “ஆமாங்க சார்... என் தப்புதாங்க சார்... நான்தான் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்...” எத்தனை தடவை சொன்னாளோ! எங்கம்மா என்று ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை. அடுத்த தடவை இரவல் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியுமாம்.

பயந்து பயந்து ஒரு பொருளைப் பத்திரப்படுத்துகிறோமே, அந்தப் பயம்தான் பாதிப் பொருளைத் தொலைக்கிறது. மோட்டார்காரர் அந்த அறைப் பக்கமே வரவில்லை, தெரியுமா?

ஓரம் எப்படிப் பெயர்ந்தது என்று செல்வியின் கட்டுரையில் எழுத மாட்டார்களாம். அதனால் இங்கே எழுதிவிட்டேன் — சார், டப்பாவில் வைத்தது நான்.