விறைத்த விரலும் கொதிதண்ணீரும்

மோர்னிங்சைட் பூங்காவிலிருந்து பனிக்குள் நடந்து வந்துகொண்டிருந்தேன். சிறு கருந்தலைச் சிட்டொன்றைப் படமெடுக்கக் கையுறையைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றதில், வலது கை விரல்கள் வெளுத்து மரத்துவிட்டன. மறுநாள் கோப்பை கழுவும் வேலைக்குச் சேரவிருந்த சாப்பாட்டுக்கடை வழியில் இருந்தது. உள்ளே போய்க் கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"குருவிக்குப் பின்னால திரிஞ்சா உப்பிடித்தான். கொதிதண்ணிக்குள்ள வை," என்றார் முதலாளி.

வைத்தேன்.

"சுடுதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப இன்னும் ஊத்துறன்."

மரத்த விரலுக்குச் சூடு தெரியாதென்பது, தோல் வெந்து கழன்றபோதுதான் இருவருக்கும் விளங்கியது. பிறகு ஒரு விரல் நுனியை வெட்டவேண்டி வந்தது. இப்போது விரல் விறைத்தால் கக்கத்துக்குள் வைத்தே சூடாக்குகிறேன்.

கை வெந்த மறுநாள் காலை கட்டுப்போட்ட கையோடு வேலைக்குப் போனேன்.

"உந்தக் கையோட கோப்பை கழுவேலாது," என்று முதலாளி பனி அள்ளும் சவளை நீட்டினார். இடது கையால் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.