புதன்கிழமை என்று நான் குறித்த செய்தி

"…அதைத்தான் அண்ணா கேக்கிறன், புதன்கிழமை எண்டு உங்களுக்கு யார் சொன்னது?"

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல், கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் போட்டோ கொப்பிக் கடைக்கு நேரே வந்திருந்தார். எங்கள் ஒழுங்கையில் சில வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண். அவர் வேலை செய்யும் கம்பனியை வெளிநாட்டார் வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்து மூன்று வாரம் இருக்கும். அவர் கையில் நான் அச்சடித்த பங்கு விலை வரைபடம்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானாகப் படித்த வித்தை அது. சந்தை முழுக்க ஏறுகிற நாளில் எந்தப் பங்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்தப் பொது ஏற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கம்பனிக்கே உரிய, வழமைக்கு மீறிய ஏற்றம். செய்தி வெளியான நாளைப் பூச்சியம் என்று வைத்து முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் புதனைப் பூச்சியமாக வைத்து வரைந்ததில் அந்த ஏற்றம் செய்திக்கு இரண்டு நாள் முன்னமே, திங்களன்றே, புடைத்துக்கொண்டு நின்றது.

எதிரே இருக்கும் சலூனுக்கு அதைக் கொண்டு ஓடினேன். "அண்ணன்ட கடையில கொப்பிக்குத்தான் சல்லி, கதை சும்மா" என்று அங்கே என்னைப் பகிடி பண்ணுவார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கதைக்கத் தோன்றும். திங்களன்று அந்தப் பங்கை வாங்கியதாக இவருடைய கணவர் அங்கேதான் ஒருநாள் முடி வெட்டும்போது சொல்லியிருந்தார். நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. செய்தி உள்ளுக்கிருந்து கசிந்திருக்கிறது, அதுவும் எங்கள் ஒழுங்கைக்குக் கிட்டத்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலைந்து பிரதியும் கொடுத்தேன். அதில் ஒன்று இவருடைய அலுவலகம் வரை போய், விசாரணை முடியும்வரை இவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

பேப்பரில் புதன்கிழமைதானே வந்தது என்றேன். அவர் போனை நீட்டினார். பங்குச் சந்தையின் தளத்தில் கம்பனியின் அறிவித்தல்: திங்கட்கிழமை, சந்தை திறக்க முன். நான் வாசிக்கும் பேப்பருக்குத்தான் அது இரண்டு நாள் பிந்தி வந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்த பிறகுதான் கணவர் வாங்கியிருக்கிறார். பூச்சியத்தைத் திங்களுக்கு நகர்த்திப் பார்த்தேன். புடைப்பு இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், என் கழித்தல் பிழையாகவில்லையே என்று. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையது என்று அவருடைய அலுவலகத்துக்கு அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாசித்து, மடித்து, கைப்பையில் வைத்தார்.

"ஒப்பீசுக்கு இது காணும். ஒழுங்கையில என்னைக் கள்ளியா பாக்கிறாங்களே, அதுக்கு? சொன்ன இடத்திலயே சொல்லுங்க அண்ணா."

ஞாயிறு காலையில் சலூனில் நிற்கவும் இடமிராது, நாளைக்குப் பார்ப்போமே என்று இழுத்தேன்.

அவர் வெளியே இறங்கினார். தெருவைக் கடந்து, பெண்கள் கால் வைக்காத அந்தச் சலூனுக்குள் போய், முறைக்குக் காத்திருந்த ஆண்களுக்கு நடுவே மர வாங்கில் உட்கார்ந்தார்.