அந்தப் பை எந்தக் கடையில் விக்குது

ஈப்போ ஆஸ்பத்திரியில் என் மகள் இருந்த வார்டைத் துடைக்க வந்த அம்மா அவங்க. பேர் தெரியாது. ஒல்லி உடம்பு, பெரிய மூக்குத்தி. கட்டிலுக்குக் கீழே கிடக்கிற செருப்பையெல்லாம் கதவைப் பார்த்துத் திருப்பி வைப்பாங்க.

மகள் ஐந்து மாசக் கர்ப்பம். அவளோட இதயம் தாங்காது, கருவைக் கலைச்சுத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். மாப்பிள்ளை விடலை. லாரி ஓட்டுறவர், அந்த வாரம் கைபேசி பார்த்தே டாக்டராயிட்டார். வெளிநாட்டில் குறைமாச ஆட்டுக்குட்டியைக் கருப்பை மாதிரி ஒரு பைக்குள்ளே வளர்க்கிற வீடியோவை வார்டு முழுக்கக் காட்டினார்.

"பிள்ளைய எடுத்து இந்த மாதிரி பையில வெச்சிடலாம்லா. எதுக்குக் கொல்லணும்?"

அந்த அம்மா துடைக்கிறதை நிறுத்தினாங்க.

"அந்தப் பை எந்தக் கடையில விக்குது தம்பி? வாங்கிட்டு வாங்க, நான் கழுவித் தாரேன்."

"இப்ப இல்லக்கா. இன்னும் கொஞ்ச வருஷத்துல வந்துரும்."

"அப்ப சரி. அதுவரைக்கும் உங்க சம்சாரத்த மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா என் மகள் பக்கம் திரும்பினாங்க.

"நீ என்னம்மா சொல்ற?"

"நான் பொழைக்கணும்க்கா," என்றாள். பேனா கேட்டு வாங்கிச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ரெண்டு நாளா சம்பந்தியைக் கேட்டோம். பூசாரியைக் கேட்டோம். புந்தோங் கோயிலில் பூக்கட்டிப் போட்டு அம்மனையும் கேட்டோம். அவளைக் கேட்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. பெத்த அப்பன் எனக்கே தோணலை. தரை துடைக்க வந்தவங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு இன்னும் எனக்குப் புரியலை.