பதினோரு வட்டங்கள்

எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே இரண்டு பிழை பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரை முகம் சுளிக்க வைத்தவர். ஆனால் பள்ளி ஆண்டுமலர் வந்தால் மட்டும் தொட மாட்டார். என் மேசைக்குத் தள்ளிவிடுவார். நான் விடாமல் நச்சரித்ததில் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழில் அவர்தான் முதல். கட்டுரை நோட்டைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றித் திருத்தச் சொல்வது டீச்சரின் வழக்கம். அன்றைய தலைப்பு ‘எங்கள் வீட்டில் ஒரு மாலை’. பக்கத்தில் இருந்தவள் ஐந்து வருடத் தோழி. இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ‘அப்பா வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. அம்மா ரேடியோவை நிறுத்தினாள். அப்பா கதவைச் சாத்தினான்.’

அக்கா சிவப்புப் பேனாவால் மளமளவென்று பதினோரு வட்டம் போட்டார்.

“என்னடி இது, அப்பாவைப் போய் வந்தான், சாத்தினான்னு? எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போக வேணாமா?”

“தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“டீச்சர் பார்த்தா தோலை உரிச்சிடுவாங்க. மாத்து.”

தோழி குனிந்து, ஒவ்வொன்றாக அடித்து ‘ஆர்’ போட்டாள். பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் வகுப்பில் சொன்னார்: அவளுடைய அம்மா இறந்துவிட்டார், அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அக்கா பள்ளி விட்டதும் தோழியின் வீட்டுக்கு ஓடினார். தோழி சீருடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா ஸ்டேஷன்ல இருக்கார்” என்றாள், நிதானமாக.

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் தோழியின் சித்தி வந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, கிளம்பு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அக்கா அவளைப் பார்க்கவேயில்லை. சித்தி வீட்டுக்கு நான்கு கடிதம் போட்டார். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவது திரும்பி வந்துவிட்டது.

“அவ முழுசா ரெண்டு பக்கம் எழுதியிருந்தா,” என்றார் அக்கா. “ஒவ்வொரு வரிக்கும் கடைசி வார்த்தையை மட்டும்தான் பார்த்தேன். கட்டுரை எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”